இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்

— அதெல்லாம் சரி பட்டாபி, மறுபடியும் இன்னாத்துக்கு மொதல்லேர்ந்து ஓட்டுறே? காலையில வந்த ரிசல்ட்டுக்கு இன்னா கொற?

— ஒரு நிமிஷம் பானு. நடுவுல ஆன்ட்டி வைரஸ் ஸ்கேன் ஆரம்பிச்சுடுத்து. மூணு வழிக்கும் டைம் ஜாஸ்தியாக் காட்டறது. ஒப்பிட்டுப் பாக்கறதுன்னா எல்லாத்துக்கும் ஒரே நிலைமை இருக்கணுமோல்லியோ. நெட்வொர்க் கேபிளையே பிடுங்கிட்டேன் பாரு.

— அச்சா. நேத்து ஸ்க்ரீன் சேவர்னே. முந்தாநேத்து கரன்ட் ஏறி எறங்குதுன்னே.

— நான் என்ன பண்ணுவேன். இன்னிக்கு சனிக்கிழமை, ஆபீஸ்ல ஈ காக்கா இல்லே. இப்ப ஓட்டினாத்தான் சுத்தமா வரும்.

— இன்னாதான் கேட்டாங்க நம்மள? க்ளையன்ட்டோட பழைய கோடு, ஒய்டூகேக்கு முன்னாடி எழுதுனது. அதுல பிராக்கெட்டுக்குள்ள பிராக்கெட்டா கீது. உள்ள கீற டெக்ஸ்ட்ட எடுக்க எந்த வழி வேகம்னு கேட்டாங்க. பேட்டர்ன் எழுதித் தேடறது ஒண்ணு. உள்ள இன்னொரு பிராக்கெட் வந்தா ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்புட்டுக்கறது ஒண்ணு. தொறந்தா ஒண்ணு கூட்டி, மூடுனா ஒண்ணு கழிச்சு, சைபர் வந்ததும் வெட்டி எடுக்கறது ஒண்ணு. எத்தினி வாட்டி ஓட்டுனாலும் எண்ணிகினே போறதுதான் மொதல்ல வருது. எழுதி அனுப்பு, அவ்ளோதான்.

— அடுக்கு கம்மியா இருந்தா பேட்டர்னும் கிட்டத்தட்ட சமமா வரதே. நாப்பது அடுக்கு வெச்சு ஒரு ஃபைல் பண்ணிருக்கேன். அதுல எது ஜெயிக்கறதுன்னு பாக்காம எப்படி எழுதறது?

— நாப்பதா. அந்தக் கோடு பூரா நான் படிச்சவ. ஆறு அடுக்குக்கு மேல ஒரு எடத்துலயும் இல்ல. நாப்பது எந்தப் பைத்தியக்காரன் எழுதுவான்?

— நாளைக்கே எவனாவது எழுதினா?

— நாளைக்கு நீ வானவடிக்குப் பொண்ணு பாக்கப் போறே. அதப் பத்திப் பேசு.

— யார் சொன்னா?

— உங்கம்மாதான். நீ டீ குடிக்க கீழ போனப்ப போன் வந்துச்சு, நான் எடுத்தேன். நாளைக்குப் பொண்ணு பாக்க வைஜயந்தி ஆத்துக்குப் போணும், வரச்சே முடி வெட்டிண்டு வரச் சொல்லும்மான்னாங்க. நான் யாருன்னு அவங்க கேக்கல.

— சும்மா போயிட்டு வரதுதான் பானு. எங்க ஏரியா நிக்டில, அப்பாவோட ஃபேக்டரில இருந்த சிநேகிதர் கொண்டு வந்த எடம். வரலேன்னா ஏன்னு கேப்பா.

— கேட்டா சொல்லு. கோர்படி ரயில்வே காலனில சவரிமுத்துன்னு ஒருத்தர் கீறாரு, அவர் பொண்ணத்தான் கட்டிக்குவேன்னு. ஒரே வரி.

— அம்மாவை ஒனக்குத் தெரியாது. ஒங்கப்பா பேரைக் கேட்டதும் பூஜை ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திண்டுடுவா.

— தொறக்கற வரைக்கும் வெளிய நில்லு. எங்க வீட்ல நான் நிக்கலியா? நான் சொன்னப்புறம் எங்கப்பா ரெண்டு மூணு நாள் மொகம் குடுத்துப் பேசல. அப்புறம் ஒரு நாள் காலையில, அந்தப் பையன் கறி சாப்புடாதில்ல, வந்தா இன்னா சமைக்கறதுன்னு கேட்டாரு. அதுலேர்ந்து ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சர்ச்லேர்ந்து வரும்போது ஒரு பை வெண்டக்கா வாங்கிகினு வராரு. நீ வந்தாலும் வருவேன்னு.

— வெண்டைக்காயா.

— ஒனக்குப் புடிக்கும்னு நான்தான் சொன்னேன். எங்க வீட்ல எல்லாருக்கும் வெண்டக்கா அலுத்துப் போச்சு பட்டாபி.

— தினம் சொல்லணும்னு நெனச்சுண்டுதான் பஸ் ஏறறேன். நிக்டி வரதுக்குள்ள மொதல்ல எது, அப்பறம் எதுன்னு எல்லாம் தயார் பண்ணி வெச்சுப்பேன். வாசல்ல செருப்பைக் கழட்டறச்சே மறந்து போயிடறது. நான் ஒனக்கு வாக்குக் குடுத்தேனோல்லியோ, இந்த டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கே ஆத்துல பேசறேன்னு. அது மாறல.

— தெரியும். அதனாலதான் டெஸ்ட் முடிய மாட்டேங்குது.

— அப்படி இல்லே. ஒரு நிமிஷம், சரி, அப்படித்தான். ஆனா அது மட்டும் இல்லே. இது முடிஞ்சா நீ நாலாவது மாடிக்கு வேற ப்ராஜெக்ட்டுக்குப் போயிடுவே. பேனா மூடியைக் கடிச்சுண்டு என் கோடுல தப்புக் கண்டுபிடிக்க இந்த நாற்காலில யார் இருக்கா? நீ இல்லாம இந்த ரூமுக்குள்ள வரவே என்னால முடியாது. நீ பக்கத்துல இருக்கணும்னா நாப்பது என்ன, நானூறு அடுக்கு கூட எழுதுவேன்.

— மழைக்காலத்துல சொல்லிருந்தா அழுதிருப்பேன். சந்தோஷத்துல.

— இப்போ?

— இப்ப பசிக்குது. வடா பாவ் ஆறுது, சாப்டு.

— இன்னும் ஒரே ஒரு வாரம் பானு. நாப்பது அடுக்கு ரிசல்ட்டை மட்டும் பாத்துடறேன். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை மேனேஜர் குல்கர்ணி சார் கையில குடுத்துட்டு, நேரா ஆத்துக்குப் போய்ச் சொல்லிடறேன். அது வரைக்கும் இங்கயே இரு.

— ரிப்போர்ட்ட நான் குடுத்து மூணு வாரம் ஆவுது. ரெண்டு பேர் பேரும் போட்டுத்தான்.

— என்ன சொல்றே? அவர் என்னண்ட ஒண்ணுமே கேக்கலியே.

— கேக்காதீங்க சார், அவனா முடிச்சுட்டு வரட்டும்னு நான்தான் சொன்னேன். ஒனக்கு அடுத்த வேல மாசக் கடைசிலதான் வருது. அது வரைக்கும் கோட சுத்தம் பண்ணிகினு இருக்கட்டும்னு விட்டுட்டாரு.

— அப்ப நீ? ஒன்னை நாலாவது மாடில சேரச் சொல்லலியா?

— அன்னிக்கே சொல்லிட்டாங்க.

— அப்பறம் எப்படித் தினம் இங்க வந்து உக்காந்துண்டிருக்கே?

— கல்யாணத்துக்குன்னு லீவு சேத்து வெச்சிருந்தேன் பட்டாபி. அதத்தான் தெனம் போட்டுகினு இருந்தேன். நேத்தோட தீந்துச்சு.