பொரிக்கிறவர் தின்னமாட்டார்

— இப்பத்தையச் சனத்துக்கு வாய் என்னத்துக்கு இருக்கெண்டே தெரியேல்லை, கிருசாந்தினி. சுடச்சுட மண்ணீரலைப் பொரிச்சுப் பாணுக்குள்ளை வைச்சு நீட்டுறன், முதல்லை படமெடுத்துப் போனுக்கெல்லோ ஊட்டுதுகள்! ஆறினாப் பிறகு கொழுப்பு மணக்குதாம்.

— மெல்லக் கதையுங்கோ அப்பா. நான் கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள். எங்கடை இந்தப் பல்லரோ சந்தையையும் சாப்பாட்டையும் பாக்கவெண்டே பறந்து வந்திருக்கினம்.

— பாக்கட்டும். பக்கத்திலை கடலைமாப் பொரியலைத் திண்டினம், அந்தக் கடைக்காரன்ரை வாயை ஆரும் பாக்கேல்லை. என்ரை வாயை ஏன் பாக்கினம்?

— போன கிழமை வந்த ஒருத்தி இன்ரநெற்றிலை எழுதிப்போட்டாள். 'இந்தக் கடையிலை பொரிக்கிற கிழவர் தான் பொரிச்சதைத் தொடுறேல்லை' எண்டு. அதாலை இண்டைக்கு நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை ஒரு கடி கடிக்கவேணும்.

— ஆரின்ரை கட்டளை?

— உங்கடை முதலாளி சால்வோ. கடிக்காட்டி நாளைக்குச் சட்டிக்கு முன்னாலை தன்ரை மருமோன் நிப்பானாம்.

— உந்த மருமோனுக்குச் சட்டியிலை எந்தப் பக்கம் சுடுமெண்டு தெரியுமோ?

— பகிடியை விடுங்கோ. இந்த வயசிலை வேறை ஆர் வேலை தருவினம்? மொண்டெல்லோவிலை போய்க் கடற்கரைக் கதிரை அடுக்கப் போறியளோ?

— அடுக்குவன். கதிரை என்னைத் தின்னச் சொல்லாது.

— விழுங்கவும் வேண்டாம் அப்பா. கடிச்சிட்டு அங்காலை திரும்பித் துப்புங்கோ, நான் மறைச்சுக்கொண்டு நிக்கிறன்.

— ஊரைச் சுத்திக்காட்டுறது காணாதெண்டு களவுக்கும் வழிகாட்டுறியோ? நல்ல பிள்ளை!

— அந்த நேத்திக்கடன் தானே? மீன், இறைச்சி மச்சமெல்லாம் விடச் சொல்லி மலைக்கோயில் சாந்தா றொசாலியாவே உங்களைக் கேட்டவ?

— அவ கேக்கேல்லை. நானும் கொம்மாவும் வெறுங்காலோடை மலை ஏறி, எங்கடை வாயாலை சொன்னது. கொண்ணன் கஜானன் திரும்பி வாற வரைக்கும் ரெண்டு பேரும் மச்சம் வாயிலை வைக்கிறேல்லை எண்டு.

— சண்டை முடிஞ்ச நாள் ஆமி அண்ணாவைப் பஸ்ஸிலை ஏத்தினதெண்டு ஊரிலையிருந்து போன் வரேக்கை நான் பால்பல்லோடை திரிஞ்சனான். இப்ப எனக்குக் கலியாணமும் முடிஞ்சுது.

— அதுக்கு?

— அதுக்கு... நீங்களே யோசியுங்கோ.

— யோசிச்சனான். நான் இதைக் கடிச்சால் அவன் செத்தவன். இவ்வளவு காலமும் ஒருத்தனும் வந்து எனக்கு ஒரு எலும்பைக் காட்டேல்லை. காட்டாத சாவை, உதுகளின்ரை போனுக்கு முன்னாலை, ஒரு பாண் துண்டோடை நான் ஒத்துக்கொள்ளோணுமோ?

— அம்மா சாப்பிட்டிட்டா, அப்பா.

— என்ன?

— போன மாசம், என்ரை வீட்டிலை. மீன் குழம்பு. தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டவா. கையைக் கழுவாமல் அப்பிடியே இருந்து அண்ணாவின்ரை பேரைச் சொல்லி அழுதவா. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவா.

— எண்ணெய் கருகுது, நெருப்பைக் குறை.

— அப்பா, சால்வோ பாக்கிறான். சனமும் பாத்துக்கொண்டு நிக்குது.

— விசர்ச் சனம். இந்தா கரண்டி, அந்த மருமோனிட்டைக் குடு.

— எங்கை போறியள்? கோவமோ? அம்மாவோடை சண்டை பிடிக்காதேங்கோ!

— சண்டை என்ன சண்டை. கொம்மா கைவிட்டிட்டா. இனி அவனை நான் தனியத்தான் உயிரோடை வைச்சிருக்கோணும். தள்ளு, நான் போறன்.