பழியெல்லாம் புயல் மேல

பெரம்பலூரிலிருந்து லப்பைக்குடிக்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். ஒருவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்புகிறவர். மற்றவர் அவரைக் கூட்டிப்போக வந்த மச்சான்.

“பழியெல்லாம் புயல் மேல போட்டுட்டு வந்துட்டேன் மச்சான்,” என்றார் கப்பல்காரர். நான் போனை அணைத்தேன்.

“புயல்தானே மாப்ள கப்பலை ஒடச்சுது?”

“புயல் அடிச்சது நெசம். ஆனா சரக்கு அறை மூடி முன்னாடியே துருப்புடிச்சுக் கெடந்துச்சு. அது பிச்சுக்கிட்டப்ப, இழுத்துக் கட்டப் போன ரபீக்கை, எனக்குக் கீழ வேலை பாத்த பையனை, அலை தூக்கிட்டுப் போயிருச்சு.”

“வாக்குமூலத்துல சொன்னியா?”

“இல்ல. கேப்டன் எழுதுனபடி, மூடி நல்லா இருந்துச்சுன்னு குர்ஆன் மேல கை வச்சு சொன்னேன். யாரும் அனுப்பல, ரபீக் அவனாத்தான் போனான்னும் சொன்னேன்.”

“அனுப்புனது யாரு?”

“நான்தான்.”

பஸ் குன்னம் தாண்டியது. பிறகு மச்சான் மெதுவாகச் சொன்னார்:

“ரபீக்கோட அம்மா காலையிலேர்ந்து நம்ம வூட்லதான் உக்காந்திருக்காங்க. கம்பெனி அனுப்புன பேப்பரை அவங்க நம்பல. சத்தியமெல்லாம் வேணாம், நீ வாயால சொன்னா போதும், நம்பிக்கிறேங்கிறாங்க.”