பதினேழு ஒப்புகை அட்டைகள்

காபி ஆறிவிடும், குடியுங்கள் ஐயா. கோப்பையைப் பற்றிக் கவலை வேண்டாம். நானே வெந்நீரில் இரண்டு முறை கழுவினேன். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இப்படி நம்பி வாய் வைக்க முடியாது.

இழுப்பறையைத் திறந்துவிட்டீர்கள், பதினேழு உறைகளையும் எண்ணிவிட்டீர்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தபால் துறை விசாரணை அதிகாரி நீங்கள். நானும் அதே துறைதான். இந்த பைன் ஃபோர்க் ஊர்த் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் கவுண்டரில் நின்றிருக்கிறேன். நிலையத்தை மூடியபோது தேதி அடிக்கும் வட்ட முத்திரையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சுரங்கம் மூடிய பிறகு இங்கே கடன் இல்லாத வீடு கிடையாது. பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கடன். ஆஸ்பத்திரி அதை வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிடும். அவர்கள் சாப்பிட விடாமல் போன் அடிப்பார்கள். இதற்கு ஒரு வழி உண்டு என்று எனக்குத் தெரியும். முப்பது நாளுக்குள், அவர்கள் அனுப்பிய பில்லையும் சேர்த்து, நான்கு வரியில் ஒரு கடிதம்: இந்தக் கடன் என்னுடையது என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள், காட்டும்வரை என்னிடம் கேட்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கே வாங்கியவன் கையெழுத்துப் போட்ட பச்சை ஒப்புகை அட்டை திரும்பி வரும். பாதி நிறுவனங்களிடம் ஆதாரமே இருக்காது, வெறும் பெயர்ப் பட்டியல்தான். சத்தம் போடாமல் விட்டுவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்தேன். இலவசமாகத்தான். தபால் செலவை மட்டும் அவர்கள் கொடுக்க வேண்டும். போதகர் பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். "மிஸ் வெர்னா இல்லேன்னா நாங்க எல்லாம் தெருவுலதான்" என்று ஊரே சொன்னது.

ஆனால் அவர்கள் கொண்டுவந்த காகிதங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றில் பன்றிக் கொழுப்பு ஊறி எழுத்து மறுபக்கம் தெரிந்தது. ஒன்றில் நாய் மயிர். ஒன்றின் மடிப்புக்குள் கரப்பான் கால். எல்லாவற்றிலும் சிகரெட் நாற்றம். நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன். மூட்டுவலி என்று சொல்லிவைத்தேன்.

முதல் உறை லானி ஸ்காக்ஸுடையது. என் மேஜையிலேயே சோடா பாட்டிலை வைத்து அதில் புகையிலை எச்சிலைத் துப்பிக்கொண்டே பேசினான். கொஞ்சம் வழிந்து அவனுடைய பில்லிலும் பட்டது. அவன் போன பிறகு யோசித்தேன். புகையிலைக்குக் காசு இருக்கிறது, வைத்தியத்துக்கு இல்லையாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். அவனுடைய உறையை வீட்டுக்குக் கொண்டுவந்து இந்த இழுப்பறையில் போட்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்து, அட்டை வந்ததா என்று கேட்டான். பச்சை அட்டைகள் எந்தத் தபால் நிலைய வாசலிலும் சும்மா அடுக்கி வைத்திருப்பார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்றை எடுத்து நிரப்பி, 'ஆர். டால்ட்டன்' என்று இடது கையால் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவன் அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிக்கொண்டான். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஒட்டிவைத்தார்கள். போலி எது, நிஜம் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சுத்தமானவர்களுடையதை ஒழுங்காக அனுப்பினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அனுப்பாத உறைகளின் தபால் காசை ஒரு சென்ட் விடாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். நான் திருடி அல்ல.

சரி, ட்வைலாவுக்கு வருகிறேன். நீங்கள் வந்தது அவளுக்காகத்தானே.

ட்வைலா ஹேக்கெட், குன்றின் மேலிருக்கும் முதியோர் இல்லத்தில் பணிப்பெண். நகங்களில் ஊதாச் சாயம் பூசி, அதன்மேல் சின்னச் சின்னக் கற்கள் ஒட்டியிருப்பாள். அந்த நகங்களோடுதான் கிழவர்களுக்கு மலம் துடைப்பாள். பத்தாயிரம் டாலர் ஆபரேஷன் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மிஸ் வெர்னா, இது நான் இல்லீங்க. லெக்சிங்டன்ல எவளோ ஒருத்தி என் பேரையே வச்சிக்கிட்டு இருக்கா. அவ முதுகை அறுத்ததுக்கு நான் ஏன் அழணும்? பொறந்த தேதி கூட வேற. வேணும்னா சட்டையைத் தூக்கிக் காட்டுறேன், ஒரு தழும்பு கிடையாது."

"வேண்டாம் கண்ணு, உட்காரு" என்றேன்.

அவள் சிரித்தாள். கடிதத்தை அடித்தேன். நான் ஈரப் பஞ்சை நீட்டுவதற்குள் உறையை நாக்காலேயே நக்கி ஒட்டிவிட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அதை அனுப்பத்தான் இருந்தேன். தபால்தலைகூட ஒட்டியாகிவிட்டது.

கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் மிஸ்டர் ஹெரால்டை நான்தாங்க குளிப்பாட்டுவேன். தங்கமான மனுஷன். தண்ணிய ஊத்தினாப் போதும், பாட ஆரம்பிச்சிடுவாரு. வெர்னா எங்க, வெர்னா எங்கன்னு தினம் கேட்பாரு. உங்களுக்குச் சளி, வந்தா அவருக்கும் ஒட்டிக்கும்னு சொல்லிச் சமாளிச்சேன். அவரு கண்ணை மூடுற வரைக்கும் பதினோரு வாரமும் அதே சளிதான், பாவம், அதையும் நம்பினாரு."

குத்திக்காட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். போகும்போது என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையால்.

சிறு வயதிலிருந்தே நாற்றம் எனக்கு ஆகாது, ஐயா. அவருடைய அறையின் வாசலைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை. ஹெரால்டுக்கு அது புரிந்திருக்கும். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவர். ட்வைலாவின் உறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நகங்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உறையை இழுப்பறையில் போட்டேன். இரண்டு வாரத்தில் பச்சை அட்டையைக் கொடுத்தேன். அதே மாதம் ஹெரால்டின் ஆம்புலன்ஸ் செலவைக் கேட்டு ஒரு வசூல் நிறுவனம் எனக்கும் எழுதியது. நான் நிஜமாகவே பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அட்டை வந்தது; அதற்குப் பிறகு அவர்கள் மூச்சுக் காட்டவில்லை. முறை நல்ல முறைதான். அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

பிறகு ட்வைலாவுக்கு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. இருபது நாளில் பதில் எழுத வேண்டும். பயந்துபோய் ஓடிவந்தாள்.

"ஒண்ணும் எழுத வேண்டாம் கண்ணு. அட்டை கையில இருக்கும்போது எவனும் உன்னை அசைக்க முடியாது."

பதில் போகாததால் தீர்ப்பு அவளுக்கு எதிராக வந்தது. சம்பளத்தில் கால்பங்கு பிடித்தம். அவள் குடியிருந்த டிரெய்லர் வண்டி வீட்டுக்கு இட வாடகை கட்ட முடியவில்லை. அட்டையை நீதிபதியிடம் காட்டி முறையிடப் போனாள். நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியில் பெட்ரோல் பங்கில் இறைச்சி ரொட்டி வாங்கித் தின்றாள். இருக்கை முழுக்கத் துணுக்கு.

நிறுவனத்தின் வக்கீல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு கடிதம் வரவேயில்லை, டால்ட்டன் என்று எங்களிடம் யாருமே இல்லை என்றார். நீதிபதியின் முகம் மாறியது.

"மிஸ் வெர்னாதாங்க அனுப்பினாங்க" என்றாள் ட்வைலா. "இதோ பின்னாடியே உட்கார்ந்திருக்காங்க. கேட்டுப் பாருங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

நீதிபதி கேட்டார். நான் எழுந்து நின்றேன். "கடிதம் எழுத உதவி செஞ்சேன், ஐயா. உறையை அவங்கதான் கொண்டுபோனாங்க" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். எனக்குத்தான் ஏதோ ஞாபகப் பிசகு என்று நினைத்தாள் போல. வெளியே வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். கோட்டில் சளியும் கண்மையும் ஒட்டியது. மறுநாளே சலவைக்குக் கொடுத்தேன்.

போலி ஆவணம் கொடுத்ததாக அவள்மேல் குற்றம். ஒப்புக்கொண்டால் சிறை இல்லை என்று இலவச வக்கீல் சொன்னதால் ஒப்புக்கொண்டாள். முதியோர் இல்லம் அப்படிப்பட்டவளை வைத்துக்கொள்ளாது, வேலை போனது. டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒஹையோவில் யாரோ உறவுக்காரர் வீட்டு நிலவறையில் இருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அங்கிருந்து முத்திரை பதிந்த அந்தப் பச்சை அட்டையின் நகலை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். மூடிப்போன நிலையத்தின் முத்திரை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வரிகூட மறக்கவில்லை.

ஆம் ஐயா, பதினேழும் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், இந்த முறை வலது கையால்.

ஆனால் ஒரு உறையை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மற்ற பதினாறிலும் உள்ளே இருக்கும் பில்லில் அழுக்கு இருக்கிறது, ட்வைலாவின் பில்லை அவள் பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள், இதில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லையே என்கிறீர்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது ஒன்று இருக்கும், இல்லாமல் இருக்காது.