தனித் தட்டு

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரே தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளைச் சேர்ந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கிளினிக் கொப்பி வைத்திருந்த இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“மூணு மாசமா எங்க வீட்டுக்காரரு தட்ட சாம்பல் போட்டுத் தனியாக் கழுவுறேங்க்கா. இன்னைக்கு நர்ஸம்மா, அதெல்லாம் தேவையே இல்லன்னுட்டாங்க.”

“ஈரல்ல கிருமின்னாங்களே, புள்ள?”

“கிருமிதான். ஆனா தட்டுல, கோப்பையில தொத்தாதாம். ரத்தம் பட்டாத்தான் அதிகமாத் தொத்துமாம். அவரு ரேசர வேற யாரு எடுக்கிறாங்கன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? ஞாயித்துக்கெழம நம்ம லயத்து ஆம்பளைங்க பீலித் தண்ணி கொட்டுற எடத்துல நின்னு அந்த ஒரே ரேசர்லதான சவரம் பண்றாங்க? அவரு முடிச்சதும் வாங்கறது உங்க வீட்டுக்காரருதான்.”

மூத்தவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் இரண்டு வளைவுகளைத் தாண்டியது.

“பயப்படாதீங்கக்கா. எனக்கு இன்னைக்கு ரத்தம் எடுத்தாங்க, புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. கிருமி இல்லன்னா தடுப்பூசி போட்டுருவாங்களாம். மாமாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.”

“வியாழக்கெழம கிளினிக்குக்கே கூட்டிக்கிட்டு வாறேன்.”

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“தொத்திக்குமோன்னு பயந்து, மூணு மாசமா உங்க வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காம இருந்துட்டேனே, புள்ள.”

“தெரியுங்க்கா. அவருக்கும் தெரியும்.”