நீர் வந்தீர்

— இருமாதீங்க. அந்த எடத்துல ராஜா இருமக் கூடாது.

— ராஜாவுக்குத் தொண்டையை இரும்புல செஞ்சிருக்கா? பத்து வருஷம் போர்ல புகை குடிச்சவன். ரெண்டு இருமல் இருமிட்டுப் போறான், விடு.

— கேலி பண்ணாம படிங்க. நாளைக்கு சாயங்காலம் மேடை ஏறணும். ராஜா வேஷம் போடறவருக்குக் காய்ச்சல்னு இன்னிக்கு ஒத்திகையே நடக்கல. கட்டின புருஷனாவது ஒழுங்கா வசனம் எடுத்துக் குடுக்கக் கூடாதா?

— அது சரி. ஒரு கையில புத்தகம், ஒரு கையில இஸ்திரிப் பெட்டி. ரேடியோ ரிப்பேர் பண்றவனை நல்லா வேலை வாங்கற. எங்கேருந்து?

— வாசல்ல நிக்கற எடம்.

— 'கதவைத் திற. போர் முடிந்தது.'

— 'நீர் வந்தீர். நெடுந்தொலைவு நடந்தீர். உள்ளே வாரும்.'

— இது என்னது?

— என்ன? அடுத்த வரி உங்களுதுதான்.

— இல்ல, நீ சொன்ன விதம். புருஷனைக் கூப்பிடற மாதிரியே இல்லையே. பேங்குல 'அடுத்த ஆள் வாங்க'ன்னு கூப்பிடற மாதிரி இருக்கு.

— டைரக்டரும் இதையேதான் சொன்னாரு. 'ஏம்மா, பத்து வருஷமா வழி பாத்துக் கெடந்தவம்மா அவ. குரல் தழுதழுக்க வேண்டாமா?' கையில இருந்த டீயை மடியில கொட்டிக்கிட்டு அவரே நடிச்சுக் காட்டினாரு.

— அப்ப அழுதுட்டுப் போயேன். அழறதுக்கு உனக்கு யாராவது சொல்லித் தரணுமா?

— அந்த வரியில அழுகை இல்லீங்க. கேளுங்க. முதல் காட்சியில அவன் போருக்குக் கிளம்பறப்ப ராணி என்ன சொல்றா? 'நீ போ. உன் பிடிவாதத்தை மட்டும் இங்கே விட்டுப் போ, அதோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.' நீ, உன். அந்தக் காட்சி முழுக்க அப்படித்தான். கிண்டல் பண்றா, கவசத்துக் கயித்தை வேணும்னே இறுக்கிக் கட்டறா. அவன் திரும்பி வந்ததும் 'வந்தீர்', 'வாரும்', 'அமரும்'. கடைசி வரைக்கும் வாயில ஒரு 'நீ' வரல.

— மரியாதையா இருக்கும். ஜெயிச்சுட்டு வந்திருக்கான்ல.

— எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஏட்டைப் பாத்து எழுதினவன் கை தவறிட்டான்னுகூட ஒருத்தர் சொன்னாரு. அத்தனை எடத்துலயுமா கை தவறும்?

— என்னமோ போ. நீ என்னதான் சொல்ல வர்ற?

— அவளுக்குத் தெரியும்ங்கறேன்.

— என்ன தெரியும்?

— வந்திருக்கறது அவ புருஷன் இல்லைன்னு. ஐயோ, பெட்டியைத் தூக்குங்க, துணி கருகுது!

— அடடா. ஓரத்துலதான், லேசா. மேடை வெளிச்சத்துல தெரியாது.

— தெரிஞ்சாலும் பரவாயில்லை. நீங்க ஏன் இப்படி வேர்த்து ஊத்தறீங்க?

— பெட்டிச் சூடு. ஆமா, வேற ஆளுன்னு நாடகத்துல எந்த வரியில வருது?

— அவன்தான்னும் எந்த வரியிலயும் வரலையே. முழுசும் புரட்டிப் பாத்துட்டேன். வந்தவன் ஒரு தடவைகூட 'நான்தான் ராஜா'ன்னு வாயால சொல்லல. காவக்காரன் சொல்றான், மந்திரி சொல்றான், ஊரே சொல்லுது. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறான், அவ்வளவுதான்.

— மூஞ்சியைப் பாத்தா தெரியாதா அவளுக்கு?

— மூஞ்சியெல்லாம் வெட்டுத் தழும்பு. அடையாளமே இல்லை.

— என்னை மாதிரி. எனக்குத் தீக்காயம்.

— உங்களை மாதிரி.

— பின்ன எப்படிக் கண்டுபிடிச்சாளாம், உங்க ராணி?

— எப்படியோ. கண்டுபிடிச்சுட்டான்னு மட்டும் தெரியுது. 'நெடுந்தொலைவு நடந்தீர்.' அத்தனை வருஷம் கழிச்சு வர்ற புருஷன்கிட்ட எவளாவது 'ரொம்ப தூரம் நடந்தீங்களா'ன்னு விசாரிப்பாளா? 'எங்கடா போய்த் தொலைஞ்சே'ன்னு சட்டையைப் பிடிச்சு உலுக்குவா. அப்புறம்தான் அழுகை, கட்டிப் புடிக்கறதெல்லாம். தூரத்தை விசாரிக்கறது விருந்தாளிகிட்ட.

— நீ என்னைத் திட்டலையே.

— என்னது?

— நான் வந்தப்ப. கப்பல்ல தீப்பிடிச்சுது, உங்க வீட்டு ஆளைக் காணோம்னு கம்பெனியிலேருந்து சொல்லி ரெண்டு வருஷம் போனப்புறம் இதே வாசல்ல வந்து நின்னேன். ஒரு திட்டு இல்லை. 'வாங்க'ன்னே. தண்ணி குடுத்தே.

— ஆமா, குடுத்தேன். ஒரே மூச்சுல குடிச்சீங்க.

— அதிர்ச்சியில உனக்குப் பேச்சு அடைச்சுப் போச்சுன்னு நெனச்சேன்.

— டைரக்டரும் ராணிக்கு அப்படித்தான் காரணம் சொல்றாரு. சரி, அதை விடுங்க. கவிதையைச் சொல்லிப் பாக்கறேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேடை இருட்டா இருக்கும், என் குரல் மட்டும் கேக்கணும். இந்தக் காலத்துப் பொண்ணு ஒருத்தி எழுதினது, டைரக்டர் எங்கயோ தேடிப் புடிச்சுட்டு வந்தாரு.

— சொல்லு.

— 'உன் சட்டையை மாட்டிக்கொண்டு
யாரோ வந்தார்கள்.
ஒரு பொத்தான் குறைந்தது.
நான்
தைத்துக் கொடுத்தேன்.'

— ம். அப்புறம்?

— அவ்வளவுதான்.

— இதுக்குப் பேரு கவிதையா? தையக்கடை ரசீது மாதிரி இருக்கு.

— ரசீது மாதிரியேதான் சொல்லணும்ங்கறேன் நானும்! அவர் ஏக்கமா சொல்லச் சொல்றாரு. எழுதினவ ஏக்கத்தையெல்லாம் பிழிஞ்சு காயப்போட்டுட்டுத்தான் எழுத உக்காந்திருக்கா. 'யாரோ வந்தான்'னு எழுதியிருந்தா கோவம். 'வந்தார்கள்'னு எழுதியிருக்கா. யாரோன்னு தெரிஞ்சும் மரியாதை குறையல. அப்புறம் அந்த 'நான்' மட்டும் தனியா ஒரு வரியில நிக்குது பாருங்க. அங்க மூச்சை நிறுத்தணும். அந்த ஒரு மூச்சுலதான் அவ முடிவு பண்றா.

— என்னன்னு?

— கூச்சல் போடறதா, ஊசியை எடுக்கறதான்னு.

— நான் போட்டுட்டு வந்த நீலச் சட்டைக்கு...

— மேலேருந்து ரெண்டாவது பொத்தான். வந்த மறுநாள் நான்தான் தைச்சேன். நீங்க நாற்காலியில உக்காந்து என் கையையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.

— இந்தக் கவிதை நீ எழுதினதா?

— இல்லீங்க. எனக்கு முந்தி எவளோ எழுதிட்டாளேன்னு வயிறு எரிஞ்சுது.

— எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து விடேன்.

— தொறந்துதான் இருக்கு.

— அம்மா இங்கயே இருந்திருக்கலாம். வீடு ரொம்ப அமைதியாக் கெடக்கு.

— அத்தை எதுக்குப் போனாங்கன்னு நெனைக்கறீங்க?

— முட்டிவலிதானே. மாடிப்படி ஏற முடியலன்னு மக வீட்டுக்குப் போனாங்க.

— நாத்தனார் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

— எனக்குத் தெரியாதே.

— தெரியாது. கூடப் பிறந்தவ வீட்டுக்கு நீங்க ஒரு தடவைகூடப் போனதில்லை. கிளம்பற அன்னிக்கு அத்தை என் கையைப் புடிச்சுக்கிட்டு 'உனக்கு ஒரு துணை ஆச்சும்மா'ன்னாங்க. 'என் புள்ளை வந்துட்டான்'னு ஒரு வார்த்தை வரல. ஒரு துணை, அவ்வளவுதான். அதை வாழ்த்தி சொன்னாங்களா, வைஞ்சு சொன்னாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல. நாடகத்துல வர்ற வரியா இருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்.

— நீ முன்னாடி எப்படிக் கூப்பிடுவே?

— யாரை?

— அவனை.

— 'டா' போட்டுத்தான். ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க நாங்க. கல்யாணத்தன்னிக்கு 'எவ்வளவு நேரம்டா, சீக்கிரம் வாடா'ன்னு கத்திட்டேன், கூட்டமே சிரிச்சுது. உங்களை அப்படிக் கூப்பிட வாய் வரவே இல்லை. ஏன்னு நீங்களும் ஒரு நாள்கூடக் கேக்கல.

— அவன் எனக்கு எல்லாத்தையும் சொன்னான். சமையக்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம், உனக்கு இடின்னா பயம், அம்மாவுக்கு எந்தக் காது மந்தம், எல்லாம். இதை மட்டும் சொல்லாம விட்டுட்டான்.

— வெட்கப்பட்டிருப்பான். கப்பல்ல கூட வேலை பாத்தீங்களா?

— ஒரே அறை. மேல் கட்டில் அவனுது, கீழ்க் கட்டில் என்னுது. உனக்கு எப்பத் தெரிஞ்சுது?

— கதவைத் தொறந்தப்பவே. நீங்க காலைத் துடைச்சுக்கிட்டு உள்ள வந்தீங்க. அவன் ஜென்மத்துல துடைச்சதில்லை.

— தெரிஞ்சுமா என்னை உள்ள விட்டே?

— ராணி விட்டாளே. ரெண்டு வருஷமா நானும் அத்தையும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கப் பயந்து சுவத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டோம். டைப் அடிக்கற ஆபீஸ்ல எல்லாரும் என்னைப் பாத்ததும் சிரிப்பை நிறுத்துவாங்க. ஒரு நாள் கதவு தட்டற சத்தம். தொறந்தா அவன் சட்டை வாசல்ல நிக்குது. உள்ள வேற ஆளு. சட்டை இங்க வந்திருக்குன்னா அவன் போயிட்டான்னுதானே அர்த்தம்? அந்த நிமிஷமே உள்ளுக்குள்ள அழுது முடிச்சுட்டேன். உங்களுக்குக் கேக்கல. அப்புறம்தான் 'வாங்க'ன்னேன்.

— சத்தியமா நான் ஏமாத்த வரல. உங்க நாடகத்துல வர்ற ஆளு மாதிரிதான். 'நான்தான்'னு ஒரு நாளும் சொல்லல. வாயைத் தொறக்கறதுக்குள்ள நீ 'வாங்க'ன்னுட்டே. அம்மா வந்து என் கன்னத்தைத் தடவினாங்க. எதிர்வீட்டு அம்மா ஓடியாந்து கையைப் புடிச்சுக்கிட்டு அழறாங்க. எனக்குன்னு எந்த ஊர்லயும் யாரும் இல்லை. யாரும் என்னை அப்படித் தொட்டதில்லை. காலையில சொல்லிக்கலாம்னு படுத்தேன். காலையில நீ ஊசியும் நூலுமா வந்து நின்னே. வருஷம் மூணு ஓடிப்போச்சு.

— இருங்க, இருங்க. அந்த வரியை இன்னொரு தடவை சொல்லுங்க.

— எந்த வரி?

— ராஜா வரி.

— 'கதவைத் திற. போர் முடிந்தது.'

— அட, இத்தனை நாளா கண்ணுல படலையே! ராஜான்னா 'வென்றேன்'ம்பான். 'போர் முடிந்தது'ன்னு ராஜா சொல்ல மாட்டான், தூதன்தான் சொல்லுவான். அவன் வேஷம் போட்டு வந்தவனே இல்லை. சேதி கொண்டுவந்தவன். ராணிதான் அவனைச் சொல்ல விடல.

— ஆமா.

— நீங்களும் சேதி சொல்லத்தான் வந்தீங்க.

— ஆமா.

— ஏன் புத்தகத்தை மூடறீங்க? எனக்குத் தெரிஞ்ச சேதிதானே. இப்பவாவது சொல்லிடுங்க, நான் அழ மாட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டானா? கடைசியா என்ன சொன்னான்?

— நீ நம்பணும்னுதான் அந்தச் சட்டையைக் கழட்டி எங்கிட்டக் குடுத்தான். வெளிநாட்டுத் துறைமுக ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷமாப் படுத்திருந்தான், எந்திரிச்சு நடக்க முடியல, பேனா புடிக்கக் கை வரல. 'அவகிட்டப் போய் நான் உயிரோட இருக்கேன்னு சொல்லு, வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு'ன்னான்.