சோடியம் இல்லாத கல்

இல்ல, அந்த நாற்காலி வேணாம், அதுல ஊசி கிடக்கும். இப்படி உக்காருங்க. அவரு உள்ளதான் இருக்காரு, முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு. உங்க குரல் கேட்டிருக்கும். கேட்டும் எந்திரிச்சு வரலைன்னா என்ன அர்த்தம்னு, வானியல் சங்கத்துச் செயலாளர், உங்களுக்கா தெரியாது?

எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். அந்த எரிகல் வீடியோ வேணும். எட்டு மாசம் முன்னாடி குப்பைன்னீங்களே, அதே வீடியோ. இப்ப மலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு வாத்தியாரும் அதே கல்லைப் படம் பிடிச்சிருக்காராம், அதுலயும் சோடியம் இல்லையாம். அவரு சொன்னா நிஜம். எங்க வீட்டுக்காரர் சொன்னா புளுகு. அப்படித்தானே?

இருங்க, நான் பேசி முடிச்சிடறேன். இதெல்லாம் எனக்குப் புரியாதா? மாடியில கேமரா, அதுக்கு முன்னாடி மெல்லிசாக் கோடு கோடாக் கீறின கண்ணாடி. கல்லு எரிஞ்சு விழுந்தா அந்த வெளிச்சம் பிரிஞ்சு வானவில் மாதிரி பட்டையா விழும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கோடு. மக்னீசியம்னா பச்சை, சோடியம்னா மஞ்சள். ஆனா கோட்டு மேல பேரு எழுதி ஒட்டியிருக்காது. தெரிஞ்ச விளக்கு ஒண்ணை அதே கண்ணாடி வழியாப் படம் எடுத்து, அதோட கோடு எங்க விழுதுன்னு பாத்து, அதை வச்சுத்தான் மத்ததுக்கு அளவு போடணும். நீங்க பாக்கிறது கோடு, நான் தைக்கிறது கோட்டு. ரெண்டுலயும் அரை நூல் தப்பினா ஊரே சிரிக்கும்.

அந்தக் கல்லுல மஞ்சள் இடம் காலி. நாலு வாட்டி அளவு போட்டும் காலி. சூரியன்கிட்டப் போயிட்டு வந்த கல்லா இருக்கும், சோடியம் வெந்து ஆவியாப் போயிருக்கும்னு அவரு எழுதி அனுப்பினாரு. நீங்க என்ன பதில் போட்டீங்க? படத்தையே திருத்தியிருக்காருன்னு. முப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவரு. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தா சோறு இறங்காது அவருக்கு. அவரைப் பாத்து அப்படி எழுத உங்களுக்குக் கை வந்திருக்கு.

அதோட விட்டீங்களா? கூட்டத்துக்கு வேற வரச் சொன்னீங்க. கையப் பிடிச்சு நான்தான் கூட்டிட்டு வந்தேன். இந்த வயசுல என்ன ஜோடிப் பொருத்தம்னு உங்க பொருளாளர் கிண்டல் பண்ணினாரு. நீங்களும் சிரிச்சீங்க, நான் பாத்தேன். அப்புறம் அம்பது பேர் முன்னாடி நிக்க வச்சுக் கேட்டீங்க. அந்த இடம் காலியா இருந்ததை உங்க கண்ணால பாத்தீங்களா, ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. அவரு வாயே திறக்கல. பதினேழு வருஷ உறுப்பினரை அன்னைக்கே நீக்கிட்டீங்க.

திரும்பி வரும்போது பஸ்ல எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. நீ எதையும் சொல்லிடாத. பொய்யன்னு சொன்னா தாங்கிக்குவேன், பாவம்னு சொன்னா தாங்க மாட்டேன்னு.

எட்டு மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். போதும். அவரு காதுலயும் விழட்டும். அந்த அளவு போட்டது நான். அது மட்டுமில்ல, அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷமா உங்க சங்கத்து எரிகல் பட்டியல்ல அவரு பேருல ஏறினது அத்தனையும் நான் போட்டது. அவரு பக்கத்துல உக்காந்து கேப்பாரு, பச்சை எங்க விழுது, எத்தனை அகலம்னு. நான் பாத்துச் சொல்லுவேன். பிரமாதமான வேலைன்னு நீங்க கடுதாசி போட்டீங்களே ஒரு தடவை, அதையும் நான்தான் படிச்சுக் காட்டினேன்.

என்ன முழிக்கிறீங்க? அவருக்குப் பார்வை போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓரத்துல நிழலாட்டம் ஏதோ தெரியும், நடுவுல ஒண்ணும் தெரியாது. கண்ணால பாத்தியான்னு கேட்டா அந்த மனுஷன் என்னத்தைச் சொல்லுவாரு?

வீடியோ தரேன். முதல்ல உள்ள போங்க. மன்னிப்பு கேக்கறதா இருந்தா வாய் விட்டுக் கேளுங்க. மூஞ்சியில காட்டினா அவருக்குத் தெரியாது.