பாதம் பார்த்துப் போட்ட ஊசி

டீ வேண்டாம் அம்மா, விசாரணைக்கு வரும்போதே குடித்துவிட்டேன். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறீர்கள். நல்ல மெத்துப்பாதம். பார்த்துப் பார்த்துப் பழகிப்போச்சு, தப்பாக நினைக்காதீர்கள்.

பேர் இன்பமணி. டவுணில் டாக்டர் ஞானம்பாள் ஆஸ்பத்திரியில் பதினோரு வருசமாகத் தியேட்டர் சிஸ்டர். கரு கலைந்து வருகிறவர்கள், உதிரம் நிற்காதவர்கள், இவர்களுக்குக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்கிற சின்ன ஆபரேசன்தான் எங்களிடம் அதிகம். முழு மயக்கம் கிடையாது. கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகிற ஊசி மட்டும். மருந்தை ஊசியில் ஏற்றித் தட்டில் வைப்பது நான், குத்துவது டாக்டரம்மா. தட்டில் இருப்பதை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ரோடு அறுந்து மருந்து வரவில்லை. இருந்தது நாலு பேருக்குக் காணும். வந்தது ஒன்பது பேர். யாருக்குப் போட, யாருக்கு விட? மேசையில் காலைத் தூக்கிக் கட்டியதும் பாதம்தான் என் முகத்துக்கு நேரே இருக்கும். வெடித்த பாதங்களுக்கு வெறும் ஊசித்தண்ணீரை ஏற்றி வைத்தேன். அந்த ஐந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். அரைமணியில் எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தே போனார்கள்.

அடுத்த வாரம் ரோடு சரியாகி மருந்தும் வந்தது. நான் மாற்றவில்லை.

மிச்ச மருந்தை விற்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். மெத்துப்பாதக்காரிகளுக்குக் கொஞ்சம் கூடவே ஏற்றினேன். அவர்கள் சட்டென்று கத்திவிடுவார்கள். ஒரு வாத்தியார் வீட்டம்மா, நாகலக்ஷ்மி, "சிஸ்டர், ஒண்ணுமே தெரியலையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

நான் உடன்குடிப் பக்கம். அப்பா பனையேறி, அம்மா பதநீர் காய்ச்சுகிறவள். கொதிக்கிற பாகு முழங்கையில் கொட்டியும் அம்மா துடுப்பைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் அடிப்பிடித்துவிடும். வலிக்கிறது என்று சொல்லக்கூடாதென்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்ல நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

புதிதாக வந்த சிஸ்டர் ஜனாபாவுக்கும் பாதம் பார்த்து ஊசி ஏற்றுவதைச் சொல்லிக்கொடுத்தேன். "பாவமில்லையாக்கா?" என்றாள்.

"ஏட்டி, சுமடு தூக்குதவளுக்கு இது கொசுக்கடி. மூஞ்சியப் பாக்காத, பாதத்தப் பாரு."

நாலு வருசம். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

அன்னத்தாய் ஏரல்காரி. வாழைத்தார் சுமக்கிறவள். மூன்று பிள்ளைகள், நாலாவது கலைந்து வந்தாள். குதிகால் வெடிப்பில் காசைச் சொருகி வைக்கலாம். தண்ணீரைத்தான் ஏற்றி வைத்தேன்.

"எக்கா, ஊசி ஏறல போலுக்கே," என்றாள்.

"ஏறிட்டு. பைய மூச்சு விடு."

"எம் ஒடம்பு எனக்குத் தெரியாதாக்கா? இன்னொண்ணு போடச் சொல்லுங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பயம்மா, வேற ஒண்ணுமில்ல," என்றேன். அப்போதாவது மருந்தை ஏற்றியிருக்கலாம். புட்டி என் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

அவள் கத்தவில்லை. இடுப்பை ஒரே ஒரு தரம் தூக்கினாள். கருவி கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வயிற்றைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனாள். அசையாமல் கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஜனாபா உங்களுக்குக் கடிதம் எழுதியது நல்லதுதான். அவள் எழுதியதெல்லாம் நிசம்.

அந்த வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது. அன்னத்தாய்க்கு இரண்டு மாசம் முந்தி எனக்கே உதிரம் நிற்காமல் அதே மேசையில் படுத்தேன். அன்றைக்குத் தட்டு வைத்தது ஜனாபா. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அதற்கு முந்தின எட்டு நாளும் குறுக்குத்துறை ஆற்றில் உட்கார்ந்து, ரத்தம் கசிகிற வரைக்கும் என் வெடித்த குதிகாலைக் கல்லில் தேய்த்தேன். ஆபரேசனுக்குப் போகிறவள் சுத்தபத்தமாகப் போக வேண்டாமா, அதற்காகத்தான்.